அது தண்டம் இல்லை, பில்

"உடையார்கட்டில இருந்துகொண்டு லண்டன் பார்க்கிங்கைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன விசரே?"

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறோம் என்றதும் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே வந்த முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். எங்கட ஊரில் வாகனம் நிற்பாட்ட ஒருவரும் காசு கேட்பதில்லை. ஏ-35 வீதிக்கரை, கடை வாசல், மர நிழல், எங்கே இடம் இருக்கோ அங்கே நிற்பாட்டிவிட்டுப் போவோம்.

ஆனால் கொஞ்ச நாளைக்கு முதல் எங்களில் ஒருவருக்கு லண்டனில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. அனுப்பினது அவரின் அக்கா. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறவ. கீழே ஒரு குரல் செய்தி: "தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுப் பார். நான் காசைக் கட்டிப்போட்டன். இனி ஒண்டும் வராதுதானே?"

கடிதத்தில் இரண்டு கமெராப் படங்கள். ஒன்று அக்காவின் கார் ஒரு சூப்பர் மார்க்கெட் தரிப்பிடத்துக்குள் போவது. மற்றது வெளியே வருவது. இடையில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். அங்கே நிற்க அனுமதி இரண்டு மணித்தியாலம். ஆகவே 100 பவுண்ஸ் கட்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60.

நடந்தது வேறு. அக்கா காலையில் வேலை முடிந்து வரும்போது பாலும் பாணும் வாங்கப் போனா. பத்து நிமிடம். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தா. பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அதே கடைக்குப் போனா. கமெரா காலையில் வெளியேறியதையும் பின்னேரம் உள்ளே வந்ததையும் தவறவிட்டுவிட்டு, முதல் வரவையும் கடைசிப் போக்கையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. நம்பர் பிளேட் வாசிக்கும் கமெராக்களில் இது பேர்போன பிழை. இரண்டு வரவு ஒரே வரவாகப் பதிந்த கதைகள் பிரித்தானியாவில் ஏராளம்.

பிழை தன்னுடையதில்லை என்று அக்காவுக்கு நல்லாய்த் தெரியும். ஆனாலும் அன்றிரவே கட்டினா. ஏன் என்று கேட்டதற்குச் சொன்ன பதில்தான் எங்களை எழுத வைத்தது. "கவர்மென்ட் கடிதம் எண்டு நினைச்சன். விசா அலுவலும் நடக்குது. ஏன் சும்மா பிரச்சினை?"

60 பவுண்ஸ் இங்கே ஏறத்தாழ 24,000 ரூபா. அந்த மாதம் அம்மாவின் மருந்துக்கு வரவேண்டிய காசு பாதியாய்த்தான் வந்தது. இது எங்கட விசயமும்தான் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் அரசாங்கத்தின் கடிதம் இல்லை. கவுன்சில் வீதியில் பிழையாக நிற்பாட்டினால் கவுன்சில் அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டிஸ்'. சட்டத்தின் அதிகாரத்தோடு வருகிற தண்டம். தனியார் நிலத்தில் நிற்பாட்டினதுக்கு ஒரு கம்பனி அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்'. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். தான். இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். கட்டம் போட்ட தாள், தடித்த எழுத்து, குறிப்பு இலக்கம், கெடு என்று எல்லாமே அரச கடிதத்தின் சாயலில் இருக்கும். உள்ளே இருப்பது, "நீ எங்கட பலகையில் எழுதின ஒப்பந்தத்தை மீறினாய், ஆகவே இவ்வளவு தா" என்று ஒரு கம்பனி கேட்கும் பில். அது குற்றப்பதிவு ஆகாது. லைசன்ஸில் புள்ளியும் விழாது.

இதற்குள் அரசாங்கத்தின் கை இல்லவே இல்லை என்றும் சொல்ல ஏலாது. காரின் நம்பரைக் கொடுத்தால் உரிமையாளரின் பெயரையும் விலாசத்தையும் கம்பனிக்குக் கொடுப்பது அரசின் வாகனப் பதிவு நிறுவனமான டி.வி.எல்.ஏ. ஒரு பெயருக்கு 2.50 பவுண்ஸ் கட்டணம். ஒரு வருசத்தில் இப்படிக் கேட்டு வாங்கப்படும் விபரங்கள் ஒரு கோடியைத் தாண்டும்.

முந்தி இன்னும் மோசம். தனியார் தரிப்பிடங்களில் சில்லுக்கு இரும்புப் பூட்டுப் போட்டுவிட்டு, காசு தந்தால்தான் திறப்போம் என்று நிற்பார்கள். ஸ்கொட்லாந்து நீதிமன்றம் 1992-இலேயே அதைக் கப்பம் பறிப்பும் களவும் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 ஒக்ரோபர் 1 வரை அது நடந்தது. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த சட்டம் பூட்டைத் தடை செய்தது. ஆனால் அதே சட்டம் கம்பனிகளுக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. கார் ஓடினது யார் என்று தெரியாவிட்டாலும், சில நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றினால், கார் யாரின் பெயரில் பதியப்பட்டிருக்கோ அவரிடமே கேட்கலாம். பூட்டு போய்க் கடிதம் வந்த கதை இதுதான்.

பிறகு வந்ததுதான் பரி பீவிஸின் வழக்கு. மீனும் சிப்ஸும் விற்கும் கடைக்காரர். 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்ட் நகரின் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடத்தில், இரண்டு மணித்தியால எல்லைக்கு மேல் 56 நிமிடம் நின்றுவிட்டார். பார்க்கிங்ஐ என்ற கம்பனி 85 பவுண்ஸ் கேட்டது. அவர் கட்டாமல் அதியுயர் நீதிமன்றம் வரை போனார். நீங்கள் இழந்ததுக்கும் கேட்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை, இது ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் தண்டனை என்பது அவரின் வாதம். 2015 நவம்பர் 4-இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பனியின் பக்கம். கார்கள் ஒரே இடத்தில் கிடக்காமல் மாறி மாறி வருவதில் நியாயமான அக்கறை இருக்கு, பலகைகளும் தெளிவாய் இருக்கு, 85 பவுண்ஸ் மிதமிஞ்சியதில்லை என்றார்கள்.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விபரம் எங்களுக்குத் தீர்ப்பைவிடப் பெரிதாய்ப் பட்டது. தரிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ள நில உரிமையாளர் கம்பனிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கம்பனிதான் நில உரிமையாளருக்குக் கிழமைக்கு 1,000 பவுண்ஸ் கொடுத்தது. கம்பனிக்கு வருமானம் பிந்தி வந்தவர்களின் பில்களில் இருந்து மட்டும்தான். யோசித்துப் பாருங்கள். எல்லாரும் விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் அந்தக் கம்பனிக்கு நட்டம். காவல்காரனுக்குக் கள்ளன் வந்தால்தான் சம்பளம் என்றால், படலையை அவன் பூட்டுவானா?

"அப்ப ஒரு ஒழுங்கு வேண்டாமோ? கடைக்கு வராதவன் நாள் முழுக்கக் காரை விட்டிட்டுப் போனா, சாமான் வாங்க வாற வயசு போனதுகள் எங்க நிற்பாட்டுறது?" என்று கேட்பார்கள். வேணும்தான். மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கிய இடத்தில் சும்மா ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒழுங்கு வேண்டும் என்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. குற்றம் சாட்டுவதும் ஆதாரம் வைத்திருப்பதும் முதல் தீர்ப்புச் சொல்வதும் காசை எடுப்பதும் ஒரே ஆள் என்பதில்தான் சண்டை. இந்தியாவில் வேறு மாதிரியும் யோசித்திருக்கிறார்கள். தெலங்கானா அரசு 2018-இல் மோல்களில் முதல் 30 நிமிடம் இலவசம் என்று ஆணை போட்டது. 2019-இல் குஜராத் மேல் நீதிமன்றம் மோல்கள் பார்க்கிங் காசு வாங்க ஏலாது என்றது. கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போதே தரிப்பிடம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் பிறகு அதையே வியாபாரம் ஆக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி.

பிரித்தானியப் பாராளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் தனியார் பார்க்கிங்குக்கு அரசின் நடத்தைக்கோவை வேண்டும் என்று சட்டம் வந்தது. 2022 பெப்ரவரியில் கோவை வெளியானது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான பில்களை 50 பவுண்ஸாகக் குறைக்கவும், கடன் அறவிடும் கூலி என்று மேலதிகமாய் ஏற்றுவதைத் தடுக்கவும் அதில் இடம் இருந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. அதே வருசம் யூனில் அரசு கோவையைத் திரும்பப் பெற்றது. 2025-இல் மறுபடியும் கருத்துக் கேட்கத் தொடங்கியது. இடையில் கம்பனிகளின் சங்கங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கோவை எழுதிக்கொண்டன.

இனி எங்கட ஆக்களோடு கொஞ்சம் சண்டை.

இந்தக் கடிதம் வந்தால் எங்கட சனத்துக்குள் இரண்டு புத்திமதிதான் ஓடும். ஒன்று, "கட்டிப்போட்டுப் பேசாமல் இரு." மற்றது, "குப்பைக்குள்ள எறி, அவங்களால ஒண்டும் செய்யேலாது." இரண்டும் பிழை. முதலாவது புத்திமதிதான் அக்காவின் 60 பவுண்ஸைக் கொண்டுபோனது. இரண்டாவது புத்திமதி பூட்டுக் காலத்தில் சரியாய் இருந்திருக்கலாம். 2015 தீர்ப்புக்குப் பிறகும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிற அண்ணைமார் மற்றவர்களைக் கிடங்குக்குள் தள்ளுகிறார்கள். கம்பனி கவுண்டி கோட்டில் வழக்குப் போடலாம், போடுகிறது. அந்தக் கடிதத்தையும் குப்பையில் எறிந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரும். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருசம் கடன் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

அப்ப என்ன செய்யிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளவர்களுக்குச் சொல்கிறோம். முதலில் திகதியைப் பாருங்கள். கண்ணாடியில் துண்டு ஒட்டாமல் கமெராவை வைத்து மட்டும் அனுப்பிய கடிதம், வாகனம் நின்ற நாளுக்கு அடுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பிந்தி வந்தால், பதிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் உங்களிடம் கேட்க ஏலாது. யார் ஓடினது என்று கம்பனிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஆகவே பதில் எழுதும்போது "நான் நிற்பாட்டினேன்" என்று தொடங்காதீர்கள். "இந்த வாகனத்தின் பதிவு உரிமையாளர்" என்று எழுதுங்கள்.

பிறகு கடை ரசீதோடு அந்தக் கடையின் மனேஜரிடம் போங்கள். கம்பனியைக் கூப்பிட்டது கடைதான். கடை சொன்னால் பல பில்கள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் 28 நாளுக்குள் கம்பனிக்கே மேன்முறையீடு எழுதுங்கள். ரசீது, போனில் பதிந்த பயண விபரம், வேலை நேர அட்டவணை, பலகை தெரியாத இடத்தின் படம், எது இருந்தாலும் சேருங்கள். கம்பனி மறுத்தால் அது எந்தச் சங்கத்தில் இருக்கோ அதைப் பொறுத்து 'பொப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற அமைப்புக்குப் போகலாம். பொப்லாவில் காசு கட்டத் தேவையில்லை. அங்கே நீங்கள் வென்றால் கம்பனி கட்டுப்பட வேண்டும். தோற்றால் சலுகை போய் முழுத் தொகையும் கேட்பார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒருமுறை காசு கட்டினால் இந்தப் பாதை எல்லாம் மூடப்படும். அக்காவுக்கு நடந்தது அதுதான்.

கடன் அறவிடும் கம்பனியின் சிவப்பெழுத்துக் கடிதம் வந்தால் பதறாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அவர்களால் உங்கட வீட்டுச் சாமானில் கை வைக்க ஏலாது. கவுண்டி கோட்டில் இருந்து வழக்குக் கடிதம் வந்தால் மட்டும் ஒரு நாளும் பிந்தாதீர்கள். 14 நாளுக்குள் பதில் போக வேண்டும்.

இவ்வளவும் கூகிளில் தேடினால் கிடைக்கிற விசயம். பிறகு ஏன் அக்கா தேடவில்லை? அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பிரச்சினை ஆங்கிலம் இல்லை.

இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குக் கடிதம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பாஸுக்கு வரிசையில் நின்ற ஆக்கள் இவர்கள். 2009 ஜனவரியில் எங்கட இதே வீதியால் உழவு இயந்திரத்தையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு நடந்தார்கள். திரும்பி வந்து, துருப்பிடித்த குவியலுக்குள் தங்கட வாகனத்தைத் தேடி, இது என்னுடையது என்று நிரூபிக்க ஆவணத்துக்கு அலைந்தார்கள். அதையும் ஒரு பார்க்கிங் பில்லையும் நாங்கள் ஒன்றாக்கவில்லை. ஆனால் இலக்கம் போட்டு, கெடு போட்டு வருகிற எந்தக் கடிதத்துக்கும் கேள்வி கேட்காமல் தலை குனிகிற பழக்கம் அங்கே இருந்துதான் விமானம் ஏறிப் போனது. அந்தப் பயத்தின் முகவரி கம்பனிக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. 14 நாள், 60 பவுண்ஸ் என்று போட்டால் போதும், காசு தன்பாட்டில் வரும்.

இப்போது எங்கட வட்டத்தில் ஒரு வழக்கம் தொடங்கியிருக்கிறோம். வெளியில் இருக்கும் சொந்தங்கள் இப்படி எந்தக் கடிதம் வந்தாலும் காசு கட்ட முதல் படத்தை அனுப்ப வேண்டும். நாங்கள் இரண்டு பேர் இருந்து வரிவரியாய் வாசித்து, யார் எழுதினது, எந்தச் சட்டத்தில் கேட்கிறார்கள், எத்தனை நாள் இருக்கு என்று மூன்று கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புவோம். நீங்களும் உங்கட வீட்டில் செய்யலாம். எங்கட சந்தைகளிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் சைக்கிள் நிற்பாட்டத் துண்டு தரும் குத்தகைக்காரரிடமும் முதல் கேள்வியைக் கேட்டுப் பழகலாம். துண்டில் யாரின் முத்திரை இருக்கு?

போன கிழமை அக்கா இன்னொரு படம் அனுப்பியிருக்கிறா. கூட வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு வந்த கடிதமாம். கீழே எழுதியிருந்தா: "இன்னும் கட்டேல்ல. வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ."