சுருக்கு போட்டவன் மட்டும்தான் குற்றவாளியா?

சிறுத்தை செத்தால் கொழும்பிலிருந்து கெமரா வருகிறது. சிறுத்தை லயத்துக்கு வந்தால் தோட்டத்துக் கந்தோரிலிருந்துகூட ஆள் வருவதில்லை.

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாட்களில் செத்துப்போனது. நம் நாட்டில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் குறைவு, அதனால் நாடே வருத்தப்பட்டது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு கூடவே ஒரு பேச்சும் வந்தது: தோட்டத்து ஆட்களுக்கு ஈவிரக்கம் இல்லை, கண்ட இடத்திலெல்லாம் சுருக்கு போடுகிறார்கள் என்று. இன்றைக்கும் எந்த மலையிலாவது ஒரு சிறுத்தை செத்தால் அதே பேச்சு திரும்பவும் வருகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் எத்தனை நாளைக்கு இருப்பது?

பதில் சொல்வதற்கு முன்னால் நமக்குள்ளே ஒரு விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். சுருக்கு போடுவது தப்பு. அதற்குச் சங்கம் வக்காலத்து வாங்காது. பைசிக்கிள் பிரேக் கம்பியை வளைத்துப் பன்றிக்கென்று கட்டுகிறோம். கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, பக்கத்து வீட்டு நாய் எது என்று தெரியுமா? மாட்டிய மிருகம் இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். இடுப்பில் மாட்டினால் வெளியே காயம் பெரிதாகத் தெரியாது, உள்ளே எல்லாம் நசுங்கிவிடும். அப்படியே இரண்டு நாள் தொங்கிக் கிடந்து சாகும். விறகுக்குப் போன பிள்ளையின் கால் அதில் மாட்டினால் என்ன செய்வது? மாட்டியது சிறுத்தை என்றால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். நீதிமன்றத்துக்கு அலைந்து பேர் போடாத நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. பன்றி இறைச்சி இரண்டு கிலோவுக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை இது.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். பன்றி லயத்துக் கோடிக்கு ஏன் வருகிறது?

நம் தாத்தா பாட்டி காலத்தில் லயத்தைச் சுற்றி இருந்தது தேயிலை. இடுப்பளவுச் செடி, இடையில் வெட்டிய கான், மாதத்துக்கொரு முறை புல்லு வெட்டு. அந்த மலையில் பன்றி பகலில் படுக்க இடமில்லை. இன்றைக்கு எத்தனை தோட்டங்களில் எத்தனை நம்பர் மலைகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆள் குறைத்தார்கள், கவ்வாத்து நின்றது, புல்லு வெட்டு நின்றது, தேயிலை மரமாய் வளர்ந்தது, அதற்குக் கீழே மானாப்புல் ஆளுயரம். பன்றிக்கு அதைவிட நல்ல வீடு வேண்டுமா? முள்ளம்பன்றியும் பாம்பும் அங்கேதான். பன்றியையும் நாயையும் தேடிச் சிறுத்தையும் அங்கேயே வருகிறது. மலையைக் காடாக்கியவர் கணக்கில் அது செலவு மிச்சம். அந்தக் காட்டின் ஓரத்தில் அரை பேர்ச் மரக்கறிப் பாத்தி போட்டவன் கணக்கில் அது ஒரே இரவில் போன கிழங்கும் கோவாவும். சுருக்குக் கம்பி அவன் கைக்கு வந்த பாதை இதுதான். கையைப் பிடித்த சட்டம் பாதையையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

காட்டை விடுங்கள், வீட்டுக்குள் வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் மேலே ஒரே கூரை, நடுவில் தடுப்பு இல்லை. ஒரு முனையில் நுழைந்த எலி மறு முனை வரைக்கும் போய்வரும். எலி வந்தால் சாரை வரும், சில இடத்தில் நாகமும் வரும். கூரைக்குள் மரநாய் குட்டி போடும், அதன் மூத்திரம் அரிசி வாளிக்குள் சொட்டும். கீழே வாசலில் விறகுக் குவியல், அதற்குப் பக்கத்தில் குப்பை, கான் அடைத்து ஈரம். கோப்பி விரியன் படுக்க வேறு என்ன வேண்டும்?

கோப்பி விரியனைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்லத்தான் வேண்டும். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்வது இதைத்தான். சின்னப் பாம்பு, காய்ந்த இலையின் நிறம், மூக்கு மேல்நோக்கி இருக்கும். ஆஸ்பத்திரிகளில் நமக்குப் போடும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. அது நாகம், கண்ணாடி விரியன் போன்ற நான்கு வகைக்கு. கோப்பி விரியன் அந்த நான்கில் இல்லை. கடித்தவர் எல்லோரும் சாவதில்லை என்றாலும் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். மருந்தில்லாத பாம்புக்கு வாசலைச் சுத்தமாக வைப்பதுதான் மருந்து. கடித்துவிட்டால் கட்டுப் போட்டு, கீறி, உறிஞ்சி நேரத்தை வீணாக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லொறி இல்லை, டிரைவர் இல்லை என்று தோட்டத்தில் சொன்னால் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

மிருகங்களை வதைக்காமல் வீட்டை விட்டு அனுப்புங்கள் என்று நமக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல புத்திதான். அதை எப்படிச் செய்வது? மரநாய் இரவில் இரை தேடி வெளியே போகும். போன பிறகு ஓட்டையை அடைத்தால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அடைப்பதற்கு முன்னால் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குட்டி இருந்தால் அவை நடமாடித் தாயோடு போகும் வரைக்கும் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குட்டி சாகும், வெளியே தாய் தகரத்தைப் பிய்க்கும். பாம்புக்கு எலியை இல்லாமலாக்கினால் போதும். எலிக்கு மூடி போட்ட குப்பைக் குழியும் இடைவெளி இல்லாத சுவரும் போதும். குரங்குக்கும் முதல் வைத்தியம் குப்பைதான். விஷம் வைப்பதை விடப் பலன் உள்ள வேலை இது. விஷம் தின்ற எலியைத் தின்று நம் பூனையும் ஆந்தையும் சாகின்றன, பிறகு எலிக்குக் கொண்டாட்டம்.

இப்போது எண்ணுங்கள். சீமெந்து, வலைக்கம்பி, தகரம், குழி வெட்டும் ஆள், கான் துப்புரவு செய்யும் ஆள். ஜீவகாருண்யத்துக்குச் செலவு உண்டு, தோழர்களே! அந்தச் செலவை யார் கொடுப்பது? நம்மில் பெரும்பாலானோருக்குக் காம்பராவுக்கு உறுதி இல்லை, நிலத்துக்கு உறுதி இல்லை. பின்னால் ஒரு குசினியை இறக்கிக் கட்டினால் உடைக்கச் சொல்லிக் கடிதம் வருகிறது. வீடு நிர்வாகத்துடையது என்றால் வீட்டின் ஓட்டையும் நிர்வாகத்துடையது. சுவரை அடைக்க உரிமை இல்லாதவனிடம் பாம்பை அடிக்காதே என்று சொல்வது பாதி நியாயம்தான். மீதிப் பாதி சீமெந்து மூட்டையில் இருக்கிறது.

சில தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் தெரிந்தவுடன் அறிவித்தல் ஒட்டுகிறார்கள். இருட்டிய பின் வெளியே வராதீர்கள், தனியாக நடக்காதீர்கள், நாய் வளர்க்காதீர்கள். சரி. கக்கூசு லயத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே போகும் வழியில் லைட் இருக்கிறதா? நடுச்சாமத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தாய் அந்த அறிவித்தலைக் காட்டியா பிள்ளையைச் சமாதானப்படுத்துவாள்? மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு, ஆளுயரப் புல்லுக்கு நடுவே லயத்துக்கு ஏறி வருகிறவள் அவள்தான். ஒரு போத்தல் பசையும் ஒரு தாளும் அறிவித்தலுக்குப் போதும். லைட்டுக்குக் கம்பம் வேண்டும், அதனால்தான் அறிவித்தல் மட்டும் வருகிறது.

நாய் விஷயத்தில் நிர்வாகம் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வோம். சிறுத்தை லயத்துக்கு வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான், மனிதனைத் தேடி அல்ல. கட்டாக்காலி நாய் பெருகினால் சிறுத்தை அடிக்கடி வரும். ஆனால் இரவில் பன்றியை விரட்ட நமக்கு இருக்கும் ஒரே காவல் நாய். வளர்க்கும் நாயை இரவில் உள்ளே அடைப்போம், கருத்தடைக்கு மிருக வைத்தியரைத் தோட்டத்துக்கு அழைப்பது நிர்வாகத்தின் வேலையாகட்டும்.

இன்னொரு பக்கம், பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விடுங்கள் என்று கேட்கிறவர்களும் நம்மிடையே உண்டு. குரங்கை இந்த மலையில் பிடித்து அந்த மலையில் விட்டால் அங்கே இருக்கிறவன் யார்? நம்மைப் போல ஒரு லயத்துக்காரன்தான். சிறுத்தை விஷயத்தில் இது இன்னும் ஆபத்து. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2001 தொடக்கம் சில வருடங்கள் சிறுத்தைகளைக் கூண்டில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர் மேல் தாக்குதல் கூடியது. இடம் தெரியாத காட்டில் விடப்பட்ட மிருகம் தடுமாறும், அல்லது பழைய இடத்துக்கே நடக்கும். இருந்த இடத்துக்கு அடுத்த சிறுத்தை வரும். புல்லும் நாயும் குப்பையும் அப்படியே இருந்தால் கூண்டு வைத்து என்ன பயன்?

சரி, சிறுத்தை காம்பராவுக்குள்ளேயே புகுந்துவிட்டால்? ஆட்களை வெளியே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். பக்கத்துக் காம்பராக்களையும் காலி செய்யுங்கள், மேலே தடுப்பு இல்லை என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகளை அப்பால் கொண்டுபோங்கள். 1992க்கு அழையுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். நம் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்த வருடமும் 1992 என்பதால் இந்த இலக்கம் நமக்கு மறக்காது. பொலிசுக்கும் துரைக்கும் அறிவியுங்கள். தடியோடும் போனோடும் கூட்டம் சேர்வதுதான் பெரிய ஆபத்து. ஓட வழியிருந்தால் சிறுத்தை ஓடிவிடும், நாலாபக்கமும் ஆள் நின்றால் பாயும். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதைப் போனில் எடுத்துப் பரப்பியதே பிறகு ஆட்களைக் கைது செய்ய உதவியது. காயமும் ஊருக்கு, வழக்கும் ஊருக்கு.

தேனீ என்றாலும் குளவி என்றாலும் நமக்கு அது குளவிதான். மலையில் கொழுந்து எடுக்கும்போது கொட்டினால் அது வேலைநேர விபத்து, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்க வழி இருக்கிறது. லயத்து மரத்தில் உள்ள கூடு கலைந்து பிள்ளையைக் கொட்டினால் யாரிடம் கேட்பது? ஆகவே கூடு கட்டத் தொடங்கியவுடனே எழுத்தில் கொடுங்கள். பந்தம் கட்டிக் கொளுத்தப் போகாதீர்கள். கூட்டை அகற்றுவது இரவில், உடம்பை மூடும் உடுப்போடு, பழகியவர் செய்ய வேண்டிய வேலை. மலைத்தேனீ என்றால் கொஞ்ச காலத்தில் தானாகவே எழும்பிப் போய்விடும். அதுவரைக்கும் அந்த மரத்தடியை மறித்துக் கயிறு கட்டினாலே போதும்.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்குக் குரங்கு, மயில் போன்றவற்றை ஐந்து நிமிடத்தில் எண்ணித் தரும்படி நாட்டு மக்களைக் கேட்டார்கள். வீட்டுத்தோட்டம் உள்ளவர் எண்ணினார்கள். வீடும் சொந்தமில்லை, தோட்டமும் சொந்தமில்லை என்று இருக்கிறவரின் வாசலில் உள்ள பிரச்சினை அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்காது. கைவிட்ட மலைகள் எத்தனை ஹெக்டயர் என்று ஒரு நாள் எண்ணட்டும். அந்த நிலத்தைக் கம்பனி துப்புரவு செய்யட்டும், இல்லையென்றால் உறுதியோடு நமக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். நாம் மரக்கறி போட்டால் அங்கே பன்றிக்குப் படுக்க இடம் இருக்காது.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் லயம் லயமாக நடந்து பாருங்கள். எந்த லயத்தில் கூரை இடைவெளி, எந்தக் கக்கூசு வழியில் லைட் இல்லை, லயத்திலிருந்து எத்தனை அடியில் காடு தொடங்குகிறது, எந்த மரத்தில் கூடு, எங்கே குப்பை குவிகிறது என்று இலக்கத்தோடு எழுதுங்கள். பார்த்த இடத்தில் சுருக்கு இருந்தால் கையோடு அவிழ்த்து எறியுங்கள், போட்டவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கடிதத்தில் வாயால் சொன்னதாக எதுவும் வேண்டாம். திகதி போட்டு, தலைவரும் தலைவியும் கையொப்பம் வைத்து, கந்தோரில் ஒப்படைத்து, வாங்கியவர் கையெழுத்தைப் பிரதியில் எடுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒரு பிரதி சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு. அடுத்த முறை ஒரு சிறுத்தை மாட்டினாலோ ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தாலோ, முதலில் மேசைக்கு வர வேண்டியது அந்தக் கடிதமும் அதிலுள்ள திகதியும்தான்.