தடிப்பை மட்டும் கேட்காதேங்கோ

மே தொடக்கத்தில் ரொறன்ரோவில் வெயில் எறிக்கும். ஒன்ராறியோ ஏரித் தண்ணி அப்பவும் 10 பாகைக்குக் கீழேதான். அங்கே விண்ட்சேர்பிங் தொடங்கிற கனபேர் கடையில் கேட்பது, “ஆகத் தடிச்ச வெட்சூட் எது?”

என்னைக் கேட்டால், முதலில் பார்க்கவேண்டியது முன்கை. பாயை இழுத்துப் பிடிச்சபடியே நிக்கிற விளையாட்டு இது. கை இறுகினால் கொஞ்ச நேரத்தில் விரல் விறைச்சு பிடி விட்டுப்போகும். அதுதான் 5/3: உடம்புக்கு 5 மில்லிமீற்றர், கைகாலுக்கு 3.

நெஞ்சுக்குத் துணி ஒட்டாத வழுவழுப்பு ரப்பர் நல்லம். நனைஞ்ச துணியில காத்துப் பட்டால் ஈரம் காயக் காய உடம்புச் சூடும் போகும். முதுகில் தொளதொளத்தால், விழுற ஒவ்வொரு தரமும் புதுசாக் குளிர்தண்ணி உள்ளே வரும்; பிறகு என்ன தடிப்பிருந்தென்ன?

போட்டு, குந்தி எழும்பி, கையை மடக்கிப் பார்த்து வாங்குங்கோ. மலிவெண்டு அளவு பாராமல் இணையத்தில் எடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. காத்து கரையிலிருந்து ஏரிப்பக்கம் அடிக்கிற நாளில், கை விறைச்சவர் திரும்பிக் கரைக்கு வாறது சின்ன விசயமில்லை.