ஏறத் தெரிந்தால் போதுமா?

கீழப்பாவூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று சைக்கிளை மிதித்துக்கொண்டே போனால், புளியரைக்கு அப்பால் சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று காட்டினூடே செல்லும் இந்தச் சாலை, திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744-இன் ஒரு பகுதியாகும். சாரல் தொடங்கிவிட்டால் இந்த வட்டாரத்து மாணவர்கள் பலருக்கும் ஓர் ஆசை பிறக்கும். குற்றாலத்துக்கோ கணவாய்க்கோ சைக்கிளிலேயே போய் வரவேண்டும் என்பதே அது.

நல்ல ஆசைதான். ஆனால் புறப்படும் முன் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "ஏற முடியுமா?" என்பது மட்டுமே. "இறங்க முடியுமா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஏற்றத்தின் கணக்கு

உங்கள் எடை 50 கிலோ, சைக்கிளின் எடை 20 கிலோ. மொத்தம் 70 கிலோ. நீங்கள் 200 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், செய்ய வேண்டிய வேலை 70 × 10 × 200, அதாவது 1,40,000 ஜூல். இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். நமது தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. அதையும் சேர்த்துப் பார்த்தால் தேவைப்படுவது சுமார் 130 கிலோகலோரி. இரண்டு மூன்று இட்லியில் இது கிடைத்துவிடும்!

அப்படியானால் ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது? சிக்கல் ஆற்றலில் இல்லை, விசையில் இருக்கிறது. உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணிப் பாருங்கள். பெடலோடு சேர்ந்த பெரிய சக்கரத்தில் 44 பற்களும், பின்னால் உள்ள சிறிய சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் முன்னேறும். அதே நேரத்தில் உங்கள் பாதம் நகர்வது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே சக்கரத்துக்குத் தேவையான விசையைப் போல் 5 மடங்கு விசையை நீங்கள் பெடலில் கொடுக்க வேண்டும்.

10 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் சரிவில் சக்கரத்துக்குத் தேவை 70 நியூட்டன். பெடலுக்கு 350 நியூட்டன். இது சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலின் அழுத்தம் பயன்படுவதில்லை. அதை ஈடுகட்ட, பெடல் கிடைமட்டமாக இருக்கும்போது சுமார் 550 நியூட்டன் கொடுக்க வேண்டியிருக்கும். அது 55 கிலோ எடைக்குச் சமம். உங்கள் எடையோ 50 கிலோ! எழுந்து நின்று மிதித்தாலும் போதவில்லை என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதற்கான வழிதான் கியர். கியர் வேலையைக் குறைப்பதில்லை. பெடலை அதிக முறை சுற்றவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தேவையான விசையைக் குறைக்கிறது. மலைப்பாதை அமைப்பவர்களும் இதையே செய்கிறார்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது, தூரத்தை நீட்டிச் சரிவைக் குறைப்பதற்காகத்தான். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 1904-இல் திறக்கப்பட்ட ரயில் பாதையும் குகைகளும் பாலங்களுமாக வளைந்து வளைந்தே மலையைக் கடக்கிறது. அப்படியும் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள ஓர் எஞ்சின் தேவைப்பட்டது.

கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910-இல் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தது. அந்த ஆண்டு வெற்றிபெற்ற ஆக்டேவ் லாபீஸும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றும் கருவியை அந்தப் பந்தயத்தில் அனுமதித்தது 1937-இல்தான்.

ஏற்றத்தில் தோற்றால் நேர்வது இவ்வளவே: இறங்கி நடப்போம். இறக்கத்தில் தோற்றால்?

இறக்கத்தின் கணக்கு

ஏறும்போது சேமித்த 1,40,000 ஜூல் நிலையாற்றல் எங்கும் போய்விடவில்லை. இறங்கும்போது அது முழுவதும் வெளிப்பட்டாக வேண்டும். அதை வாங்கிக்கொள்ளக்கூடியவை முக்கியமாக இரண்டு: ஒன்று காற்றுத் தடை, மற்றொன்று பிரேக். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாதாரணச் சரிவில் பிரேக் பிடிக்காமல் விட்டால், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வரை ஏறிவிடும்.

அந்த வேகத்தில் பிரேக் பிடிக்கிறீர்கள். ரிம் உலர்ந்திருக்கும்போது நல்ல பிரேக் 175 நியூட்டன் தடுப்பு விசை தருவதாகக் கொள்வோம். சரிவு உங்களை 35 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. மீதி 140 நியூட்டன். 70 கிலோவை நிறுத்த 25 மீட்டர் வேண்டும்.

இப்போது சாரல் பெய்கிறது. குரோமியப் பூச்சுள்ள எஃகு ரிம்மில் நீர்ப்படலம் படிந்துவிட்டால், ரப்பர்க் கட்டையின் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பாதி என்றே வைத்துக்கொள்வோம். 87 நியூட்டனில் 35 போக மீதி 52. நிற்கத் தேவையான தூரம் சுமார் 67 மீட்டர்! பிரேக் விசை பாதியானால் தூரம் இரண்டு மடங்காகும் என்று சமதளத்தில் சொல்லலாம். சரிவில் அது இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது.

இனி, நமது ஊர்களில் தினமும் காணும் காட்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கேரியரில் ஒரு நண்பன். மொத்தம் 120 கிலோ. 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் ஈர்ப்பின் இழுவை 120 நியூட்டன். நனைந்த பிரேக் தருவதோ 87 நியூட்டன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சைக்கிள் நிற்காது. இது ஓட்டுபவரின் திறமையைப் பொறுத்ததன்று, கழித்தல் கணக்கு.

வளைவிலும் இதே கதைதான். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிவிடலாம். ஈரமும் மணலும் சேர்ந்து அது 0.3 ஆகிவிட்டால் 24 கிலோமீட்டருக்கு மேல் சக்கரம் வழுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சாரல் காலம் என்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே புகுந்து தென்காசி வட்டாரத்தை நனைக்கும் காலம். நமது சைக்கிள்கள் மலைப்பக்கம் அதிகம் போவது அப்போதுதான். அவற்றின் பிரேக் மிகவும் பலவீனமாக இருப்பதும் அப்போதுதான். எஸ் வளைவோ சரக்கு லாரிகள் ஓயாது செல்லும் இடம். 2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று அங்கிருந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் வசித்த முதிய தம்பதியர் டார்ச் விளக்கைக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினர். பெரிய எஞ்சினும் பெரிய பிரேக்கும் உள்ள வண்டிகளுக்கே அந்தச் சரிவு சோதனைதான்.

செய்யவேண்டியது என்ன?

"மாணவர்கள் மலைப்பக்கம் போகவே கூடாது" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தடுத்தால் சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் பழகுவதற்கு ஏற்ற இடம் நெடுஞ்சாலை அன்று. இலஞ்சி, பண்பொழி, மேக்கரைப் பக்கம் லாரிகள் குறைந்த சாலைகள் உள்ளன. பகலில் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். காடு விலங்குகளின் வீடு என்பதையும் மறக்கக்கூடாது.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் கொடுப்பதோடு நின்றுவிடாமல், மலையடிவாரத்துப் பள்ளி ஒவ்வொன்றும் ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் பிரேக் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். தனிச் செலவு எதுவுமில்லை. இயற்பியல் செய்முறை வகுப்பாகவே இதை நடத்தலாம்.

விளையாட்டுத் திடலில் 25 மீட்டர் தூரம் அளந்து கோடு போடுங்கள். அந்தத் தூரத்தை 5 விநாடியில் கடக்கும் வேகத்தில் ஓட்டி வந்து, இரண்டாவது கோட்டில் பிரேக் பிடியுங்கள். நின்ற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வேகத்தின் இருமடியைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். பிறகு இரு ரிம்களிலும் தண்ணீர் ஊற்றி, அதே வேகத்தில் மறுபடியும் செய்து பாருங்கள். இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். தேய்ந்த பிரேக் கட்டைக்கும் புதிய கட்டைக்கும் உள்ள வேறுபாட்டையும் இவ்வாறே காணலாம்.

கையில் சிறிது பணம் சேர்ந்தால் கியர் சைக்கிளைப் பற்றிக் கனவு காணும் முன், இரண்டு ஜோடி பிரேக் கட்டைகளை வாங்கி மாட்டுங்கள். மழையில் இறங்கும்போது அவ்வப்போது பிரேக்கை இலேசாகத் தொட்டு ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். நண்பனுக்குத் தனிச் சைக்கிள் இல்லையென்றால் இறக்கத்தில் இருவரும் சேர்ந்து நடங்கள். கரும்பலகையில் எழுதிய அந்த இரண்டாவது எண் எந்தச் சரிவின் உச்சியிலும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.