லாரியைவிட அகலமான சரக்கு: எச்சரிக்கை விளக்கு எங்கே இருக்கணும்?

பாய்லர், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ராட்சத சரக்கு ஏற்றிய டிரெய்லர்களை எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பார்த்திருப்பீங்க. விதிப்படி வாகன அகலம் 2.6 மீட்டர் வரைதான். சிறப்பு அனுமதி இல்லாமல் சரக்கு வெளியே நீட்டினால் ரூ.20,000 அபராதம், இறக்கும் செலவு தனி.

ஆனால், அனுமதிச் சீட்டு இருட்டில் தெரியாதே! பின்னால் பைக்கில் வருபவர் டெயில் லைட்டைத்தான் லாரியின் எல்லையாக நினைப்பார். சரக்கோ அதைத் தாண்டி நிற்கும். அதனால் கேபின் மேல் சுழலும் விளக்கு மட்டும் போதாது. சரக்கின் இரு ஓரங்களிலும் வால்முனையிலும் விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கணும்.

நிறமும் முக்கியம். சரக்கு லாரியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிய மத்திய மோட்டார் வாகன விதி 108 அனுமதிப்பதில்லை. சிவப்பைப் பார்த்தால், லாரி தனக்கு முன்னால் போவதாகவே எதிரே வருபவர் நினைத்துவிடுவார்.