பிறந்தநாட் பரிசா? பிள்ளைவாய்ப் பூட்டா?

தமிழ்நாட்டில் இக்கால் ஒரு குழந்தைக்கு இரண்டாம் ஆண்டு நிறைகின்றதென்றால், அவ்வீட்டில் நடப்பது இன்னதென்று ஊரும் பேரும் கேளாமலே சொல்லிவிடலாம். கூடமெங்கும் ஊதற்பைகள் தொங்கும். சுவரில் ஆங்கில எழுத்தில் வாழ்த்துரை மின்னும். 'கேக்கு' என்னும் மாவப்பத்தின் மேல் குழந்தையின் பெயர், அது தூய தமிழ்ப்பெயராகவே இருப்பினும், ஆங்கில எழுத்திலேயே தீட்டப்பட்டிருக்கும். விளக்கேற்றி மகிழவேண்டிய நாளில் எரியும் திரியை ஊதியணைத்துக் கைதட்டுவர். பாவலர் அறிவுமதி தமிழிலேயே பிறந்தநாட் பாட்டு எழுதித் தந்த பின்னும், பாட்டன் பாட்டியர் உட்பட அனைவரும் அந்த ஆங்கில வாழ்த்தையே வாய்கோணப் பாடி முடிப்பர். இவையெல்லாம் பலராலும் பலகாலும் இடித்துரைக்கப்பட்டவை. ஒரு மாலைப் பொழுதில் தொடங்கி அம் மாலையிலேயே முடிந்துபோகும் இழிவுகள். அவ்வாறு முடிந்துபோகாத ஒன்று உண்டு. மறுநாட் காலை தொடங்கிக் குழந்தையின் காதோடு காதாக இருந்து திங்கட்கணக்கில் வேலைசெய்வது அது. பரிசென்னும் பெயரால் வீட்டுக்குள் வரும் பேசும் பொறியே அது.

தாய்மாமனோ அத்தையோ பெரியப்பாவோ கடைக்குச் செல்கின்றார். இரண்டு அகவைப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கேட்கின்றார். கடைகாரர் தயங்காமல் எடுத்து நீட்டுவது நெகிழியாலான ஒரு பெட்டி. குமிழை அமுக்கினால் விளக்கு மின்னும். ஆங்கில நெடுங்கணக்கு ஒலிக்கும். பசுவும் ஆங்கிலத்திலேயே தன்னை அறிமுகஞ் செய்துகொள்ளும். காக்கைக்கும் அணிலுக்கும் அதனுள் இடமிராது. பனிக்கரடி தவறாமல் இருக்கும். பிள்ளையின் அறிவு வளரும் என்று பெட்டியின் புறத்தே அச்சிட்டிருக்கும். விலை சற்று மிகுதிதான். எனினும் பிறர்முன் எடுத்து நீட்டும்போது பெருமையாக இருக்குமன்றோ? வாங்கிவிடுகின்றார்.

அப் பெருமையின் விலையை யார் கொடுக்கின்றனர் என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் அகவை என்பது ஏதோ ஓர் எண் அன்று. ஓராண்டு நிறையும்போது ஒன்றிரண்டு சொல்லே சொல்லும் பிள்ளை, ஈராண்டு நிறையும் அளவில் பொதுவாக ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் ஆளத் தொடங்கும். அதனினும் பெரிது, இரு சொற்களைத் தானே இணைத்து ஒரு தொடர் அமைக்கும். 'அம்மா வா', 'பால் தா', 'பூனை போச்சு' என்னும் இத்தொடர்களை யாரும் அதற்குப் பாடஞ் சொல்லவில்லை. 'போச்சு' என்பது 'போயிற்று' என்பதன் சிதைவாயிற்றே என்று புலவர் எவரும் அவ்விடத்தில் சினக்க வேண்டுவதில்லை; காலங்காட்டும் வினைமுற்று ஒன்றைப் பிள்ளை தானே பொருத்தமாக இணைத்துவிட்டது என்பதன்றோ வியப்பு! ஒரு மொழியின் இலக்கணம் ஒரு புதிய வாயில் முளைக்கும் காலம் அது.

அம் முளைக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? தாயின் வாயிலிருந்து வருகின்றது. தந்தை, பாட்டி, அடுத்த வீட்டு அக்கை ஆகியோர் வாயிலிருந்தும் வருகின்றது. மேலிதழும் கீழிதழும் பொருந்தினாலன்றிப் பகரமும் மகரமும் பிறவா எனத் தொல்காப்பியர் பிறப்பியலிற் காட்டினார். கண்ணாற் காணத்தக்க அவ் வொலிகளே பிள்ளை முன்னதாகப் பிடித்துக்கொள்பவற்றுட் சில. அம்மாவும் அப்பாவும் பாப்பாவும் அவற்றால் ஆனவை. ழகரமோ கடைசியிலேதான் கைகூடும். பழத்தைப் 'பயம்' என்று சொல்லிச் சொல்லி, தாய் 'பழம்' என்று சொல்வதைக் கேட்டும் அவள் வாயைப் பார்த்துமே பிள்ளை திருத்திக்கொள்கின்றது. பொறிக்கு ஒலி உண்டு, வாய் இல்லை. பிள்ளை 'பயம்' என்றால் அது நகைக்காது, திருத்தாது, 'பழமா? இந்தா' என்று கையில் ஒன்று கொடுக்காது. அமுக்கியபோதெல்லாம் முன் சொன்னதையே சொல்லும்.

இதனைத் தமிழ்ப்பற்றால் எழுந்த வெற்றுச் சினம் என்பார் உளராயின், அவர் அயல்நாட்டுச் சான்றையே காண்க. அமெரிக்காவில் வட அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அன்னா சோசா என்னும் ஆய்வாளர் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெற்றோர் 26 பேரும் அவர்தம் 10 முதல் 16 திங்கள் அகவைக் குழந்தைகளும் அதிற் கலந்துகொண்டனர். மின்னால் ஒலிக்கும் விளையாட்டுப் பொருள்கள், மரத்துண்டு போன்ற பழைய வகைப் பொருள்கள், படநூல்கள் என மூவகையும் கொடுத்து, வீட்டில் நிகழ்ந்த பேச்சு பதிவு செய்யப்பட்டது. மின்பொறி ஒலித்த வேளையில் பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன; பெற்றோரும் பிள்ளையும் மாறிமாறிப் பேசுதலும் குறைந்தது; படநூலோடு இருந்தபோது ஒலித்த அளவுக்குப் பிள்ளைகளும் ஒலிக்கவில்லை. சிறிய ஆய்வுதான், குழந்தைகளும் ஈராண்டு நிரம்பாதவை. ஆயினும் அதில் ஊன்றிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. ஆங்கிலம் வழங்கும் அந்நாட்டிலே, தம் தாய்மொழியிலேயே பேசிய பொறிகூட வீட்டார் வாயை அடைத்துவிட்டது என்றால், தமிழ்வீட்டிற் புகும் ஆங்கிலப்பொறி என்ன செய்யும்? தாயின் வாயை அடைத்து, அடைத்த இடத்தில் அயலான் குரலை அமர்த்தும்.

'பிள்ளை ஆங்கிலம் கற்க வேண்டாவா?' என்னும் பழைய கேள்வி உடனே எழும். கற்கட்டும். பேசுவோர் சூழ்ந்திருந்தால் இரண்டு மொழியையும் ஒருங்கே பழகும் ஆற்றல் பிள்ளைக்கு உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அவ் வாற்றல் வேலைசெய்வது மக்களிடமிருந்து, பெட்டியிடமிருந்து அன்று. இருபத்தாறு எழுத்தின் பெயரை மெட்டோடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு அவ்வெழுத்து எதற்கென்று தெரியாது. தண்ணீர் வேண்டுமென்று கேட்க அதனால் முடியாது. ஆங்கிலமும் வந்தபாடில்லை, தமிழுக்குரிய பொழுதும் போயிற்று. விருந்தினர் முன்னே பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லும் பெற்றோர்க்கு மட்டும் ஒருவகை நிறைவு. அந்நிறைவிற்காகத்தான் இத்தனையுமா?

மொழியிழப்பு ஒருபுறமிருக்க, உயிர்க்கே ஊறு செய்வதும் அப் பெட்டிக்குள் இருக்கலாம். பாடும் பொறிகள் பலவற்றுள் காசுபோன்ற சிறு வட்ட மின்கலம் இருக்கின்றது. பிள்ளை அதை விழுங்கி, அஃது உணவுக்குழலில் தங்கிவிடின், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே அவ்விடம் வெந்து புண்ணாகிவிடும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொறியை எம்மொழி பேசினும் வீட்டில் வைத்தலாகாது. பொறிக்கு மாற்றாகக் கைப்பேசியையே பரிசாகக் கொடுத்துவிடும் 'அறிவாளிகளும்' உளர். இரண்டு அகவைப் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்தல் ஆகாது, குறைவாயின் இன்னும் நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஒரு வேளை உணவூட்டும் பொழுதிலேயே அவ்வளவைக் கடந்துவிடும் வீடுகள் எத்தனை!

இனி, தமிழுணர்வாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோர் வீட்டுக்கும் சற்றுச் செல்லுதல் வேண்டும். அங்கே பெயர் தமிழ், அழைப்பிதழ் தமிழ், வாழ்த்தும் தமிழ். பரிசு மட்டும் இருவகையாற் பிழைபடுகின்றது. ஒரு சாரார் திருக்குறள் உரைப் பெருநூலைத் தாளிற் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு அகவைக் குழந்தையின் கையில் வைத்து ஒளிப்படம் எடுத்துக்கொள்கின்றனர். வள்ளுவரைப் பிள்ளை என்ன செய்யும்? முதலிற் கடிக்கும், பிறகு கிழிக்கும், அதன்பின் அந்நூல் பேழைமேல் ஏறிவிடும். அது கொடுத்தவர் தமக்கே கொடுத்துக்கொண்ட பரிசு. மற்றொரு சாரார், ஆங்கிலப்பொறி தீது, ஆகவே தமிழ் பேசும் பொறி வாங்குவோம் என்கின்றனர். மேற்சொன்ன ஆய்வு அவர்க்கும் விடையன்றோ? பிள்ளைக்கு வேண்டுவது தமிழொலி மட்டுமன்று; தான் சொன்னதற்கு ஏற்பத் திரும்பிவரும் தமிழ்ப்பேச்சு. உயிரற்ற பெட்டியிடம் தாய்மைப் பணியை ஒப்படைத்துவிட்டு மொழி காக்கப் புறப்படுதல், வேரிற் கொதிநீர் ஊற்றிவிட்டு இலைக்குப் பந்தலிடுதல் போன்றது.

எழுத்துப்படச் சுவடிகளின் நிலையும் மெச்சத்தக்கதன்று. ஈகாரத்திற்கு ஈட்டி, உகரத்திற்கு உரல், ஓகாரத்திற்கு ஓடம், ஆய்தத்திற்கு எஃகு! அடுக்குமாடியிற் பிறந்த குழந்தை இவற்றுள் எதனைக் கண்டது? எஃகைப் படமாக வரைந்த ஓவியர் பட்ட பாடு அவர்க்கே தெரியும். இரண்டு அகவைக்கு எழுத்தே வேண்டா. தட்டு, குடம், செருப்பு, வாளி, வாழைப்பழம், தாத்தாவின் கண்ணாடி என அது நாளும் தொடுகின்ற பொருள்கள் பெரிய படமாக, கிழியாத தடித்த அட்டையில் இருந்தாற் போதும். சென்னையில் 1996-இல் தொடங்கப்பெற்ற தூலிகாப் பதிப்பகம் போன்றோர் தமிழிலும் குழந்தைப் படநூல்கள் வெளியிடுகின்றனர். ஆனால் பிள்ளையின் பல்லுக்கும் கைக்கும் தாங்கும் அட்டைநூல் தமிழில் வேண்டுமென்று கடையிற் கேட்டுப் பாருங்கள். ஆங்கில நூல்களின் அடுக்கைத்தான் காட்டுவர். மேடையில் முழங்கும் தமிழ்ப்பதிப்பாளர்க்கு இஃது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அவ்வாறாயின் எதைத்தான் கொடுப்பது? விடையைத் தமிழர் தேடி அலைய வேண்டுவதில்லை. பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவமாகக் கொள்வது பாட்டியல் நூலார் கூறும் மரபுகளுள் ஒன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதியாக நிற்பவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. எண்ணிப் பாருங்கள்: ஈராண்டை நெருங்கும் பிள்ளையின் கையில் தமிழ்ப் புலவர் கொடுத்தவை மணல்வீடும் பறையும் தேருமே. பெண்மகவுக்குத் தேர் ஆகாதோ என்பார் உளரேல், அவர் பாட்டியலைவிட்டுத் தெருவிற் பார்க்க. உருளுவது எதுவாயினும் இருபாற் பிள்ளைகளும் ஒருங்கே ஓடுகின்றன.

அத்தேர் பாட்டியற் காலத்துக்கும் முந்தையது. காவிரிப்பூம்பட்டினத்தில், உலர்நெல்லைத் தின்னவந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த குழை, சிறுவர் உருட்டிய மூன்றுருளைச் சிறுதேருக்கு வழித்தடையாயிற்று எனப் பட்டினப்பாலை பாடுகின்றது. புலவர் பொன்னின் மிகுதியைக் காட்ட வந்தார். போகிற போக்கில் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை உருளை என்றும் எழுதிவைத்துவிட்டார். குறுந்தொகை 61-ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார், தச்சர் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும் அதனை இழுத்துச் செல்வதிலேயே களிக்கும் சிறாரைக் காட்டுகின்றார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாகத் தமிழ்க்குழந்தை இழுத்துக்கொண்டு வந்த தேர் அது. நடைவண்டியாய் நேற்றுவரை வீடுதோறும் இருந்தது.

பழைமைக்காக மட்டும் அதனை வாங்க வேண்டுவதில்லை. அது பேசாத பொருள். ஆகவே பிறரைப் பேசவைக்கும். தேர் கதவில் முட்டும். 'போ மாட்டேங்குது' என்று பிள்ளை முறையிடும். 'பின்னால் இழு' என்பாள் தாய். முன், பின், மேல், கீழ், உள்ளே, வெளியே என்னும் இடச்சொற்களெல்லாம் அவ் வொரு தேரைச் சுற்றியே வந்துவிடும். உள்ளே ஒரு மரயானையை ஏற்றினால் கதையே தொடங்கிவிடும். தேர் கவிழ்ந்தால் யானைக்கு அடிபட்டதா என்று தாத்தா கேட்பார். பிள்ளை விடை சொல்லியாக வேண்டும். எந்தப் பொறி இவ்வளவு பேச்சை ஈனும்?

பக்கத்துத் தெருவில் தச்சர் ஒருவர் இருப்பார். கதவும் சாளரமும் இரும்பிலும் நெகிழியிலும் வந்துவிட்டமையால் வேலை குறைந்திருப்பார். வேம்போ தேக்கோ, அவரிடம் விழும் துண்டுகளே போதும். சொல்ல வேண்டியவற்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். விளிம்பெல்லாம் மழுங்க இழைத்திருத்தல் வேண்டும். ஆணி தலைநீட்டலாகாது. மூன்று அகவைக்குக் குறைந்த பிள்ளையின் விளையாட்டுப் பொருளில் 3.17 செ.மீ. குறுக்களவுள்ள குழலுக்குள் அடங்கும் துண்டு எதுவும் இருத்தல் ஆகாது என்பது பன்னாட்டு அளவீடு. எனவே உருளைகள் அதனினும் நன்கு பெரியனவாக, கழலாதனவாக இருக்கட்டும். கயிறு கழுத்திற் சுற்றாத அளவு குட்டையாக இருக்கட்டும். சாயம் பூசாதிருத்தலே நன்று. காரீயங் கலந்த சாயம் பிள்ளை வாய்வழி உட்சென்றால் மூளையைக் கெடுக்கும். அம்பாசமுத்திரத்து அரக்குச்சாய மரச்செப்புகள் அழகியவையே. ஆயினும் அவற்றுட் சிறியன இன்னும் ஓரிரண்டு ஆண்டு காத்திருக்கட்டும். தஞ்சைத் தலையாட்டிப் பாவையும் அவ்வாறே. இரண்டு அகவைக் கைக்கு அது ஒரு நாள் தாங்காது. கடையில் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. குறி பார்த்து வாங்குக. 2021 சனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு இந்திய அரசு அதனைக் கட்டாயமாக்கியது. பதிவுபெற்ற கைவினைஞர்க்கு விலக்கு அளிக்கப்பட்டமையின், அவர்தம் பொருளின் சாயத்தை வாங்குவோரே கேட்டறிதல் வேண்டும்.

தச்சருக்குப் பத்து நாள் முன்னதாகவே சொல்லிவைத்தல் நலம். உறவினர்க்கும் அழைப்பிதழ் தரும்போதே, பேசும் பொறி வேண்டா என வாயாற் சொல்லிவிடலாம். தாய்மாமன் வருந்துவாரெனில், யானை செய்து தரும் பொறுப்பை அவரிடமே விடலாம். முன்னரே வந்துசேர்ந்துவிட்ட பெட்டிகளின் திருகாணியைக் கழற்றி, மின்கலத்தைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மூடியை மீண்டும் இறுக்கிக் கொடுத்தால் அவையும் வெறும் வண்டியாகவும் மாடாகவும் ஓடும். மாடு எவ்வாறு கத்தும் என்று பாட்டி கேட்கட்டும்.