பாடும் பாட்டும் புதுப்புனைவும்

சோதனைப் புனைகதை என்றவுடன் நம் மாணவர் பலர் நூலை மூடிவிடுகின்றனர். 'புரியவில்லை' என்பது அவர்தம் குறை. 'புரிய வேண்டுவதில்லை' என்பது எழுதுவோர் சிலரின் விடை. இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல. அத்தகைய எழுத்தை நிகழ்த்துகலையாகக் கருதிக் காது கொடுத்தால் வழி பிறக்கும் என்பதே நம் கருத்து. அவ்வழியைப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து தொடங்குவோம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை வழிவழியாக வழங்கி வந்துள்ளது. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்து கொள்வது அதன் இயல்பு. இடமும் முறையும் ஊர்க் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. ஆயின் நீரோட்டமும் காற்றும் அன்றைக்கு எப்படியோ அப்படியே. அவற்றை அறிந்து தொழில் செய்வது அவனவன் திறம். கட்டுப்பாட்டுக்குள் பிறக்கும் இவ்வுரிமையே மனோதர்மத்தின் இலக்கணம்.

ஜாஸ் இசையின் இலக்கணமும் இதுவே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி உருப்பெற்ற அவ்விசையில், அனைவரும் அறிந்த மெட்டொன்று நடுவே நிற்க, கலைஞர் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் முறையில் அதனை விரித்து வாசிப்பர். மற்றவர் தாங்கிப் பிடிப்பர். நம் கருநாடக இசையின் நிரவலும் கற்பனைச் சுரமும் இதற்கு அயலானவை அல்ல. 1970களில் ஜான் மெக்லாலினின் 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஒன்றிணைந்தமை இதற்குச் சான்று.

ஜாக் கெருவாக் 1951இல் ஒட்டிய நீண்ட தாட்சுருளில் மூன்றே வாரங்களில் தம் நாவலைத் தட்டச்சு செய்தார். ஜாஸ் கலைஞரின் மூச்சையே தம் வாக்கியத்திற்கு அளவாகக் கொண்டார். அவ்வேகத்தை வியப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அதற்கு முன்பே அவர் குறிப்பேடுகளை நிரப்பியிருந்தார். நூல் வெளிவந்த 1957 வரை திருத்தங்களும் நடந்தன. கணத்தில் பிறப்பதாகத் தோன்றுவதன் பின்னே நெடிய பயிற்சி இருக்கிறது. தமிழில் லா.ச.ரா.வின் உரைநடை இசைக்கு அணுக்கமானது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) கற்பனை எழுத்தாளர் ஒருவரின் நாட்குறிப்பையே நாவலாக்கியது. மரபை அறிந்தே இவர்கள் மரபை மீறினர்.

புதுமை நம் முன்னோர்க்கும் புதிதன்று. 1572இல் 'ஆயிர மசலா' பாடிய வண்ணப்பரிமளப் புலவர் தொட்டு, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனப் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்கு ஈந்தோர் இசுலாமியத் தமிழ்ப் புலவரே. வந்த வடிவத்தை வந்தவாறே வைக்காமல் தமிழ் யாப்பில் பாடி, கேட்போர் முன் ஓதச் செய்தனர். இன்றைய சோதனை எழுத்தில் நாம் காணும் குறை துணிவின்மை அன்று, எதிர்க்குரலின்மையே. தனியறையில் எழுதித் தனியறையில் படிக்கப்படும் ஆலாபனைக்குத் தாளம் போடுவார் யார்?

அந்த எதிர்க்குரல் அம்பாப் பாட்டில் உண்டு. கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவர். வலையின் கனத்திற்கேற்ப அடி நீளும், குறுகும். அன்றைய ஊர்ச்செய்தியும் அதில் நுழையும். ஜாஸின் வேர்களுள் ஒன்றும் அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்புப் பாட்டே. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு இரத்த உறவன்று, உழைப்பின் உறவு.

இன்னொரு துயர உறவும் உண்டு. 1613இல் ஒல்லாந்தர் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய இதே பழவேற்காட்டிலிருந்து, அந்நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் படேவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒல்லாந்தரின் பெயர்கள் அவ்வூர்க் கல்லறைகளில் இன்றும் செதுக்கு வேலைப்பாட்டோடு நிற்கின்றன. கப்பலேறியவர்க்கோ கல்லும் இல்லை, கதையும் இல்லை. அங்கே அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்கள் உலகிற்கு ஓர் இசையைத் தந்தனர். இங்கே போனவர்களைப் பற்றி நாம் என்ன எழுதினோம்? ஆவணம் தராத பெயர்களை நேர்கோட்டுக் கதையால் மீட்க இயலாது. துண்டு துண்டான குரல்களால், இடைவெளிகளால், பலர் மாறி மாறிச் சொல்லும் சொல்லால்தான் மீட்க இயலும். சோதனை வடிவம் அலங்காரமாக அன்றித் தேவையாகவே பிறக்குமிடம் இதுவே.

'பாடு' என்னும் சொல்லுக்கு முறை என்றும் துன்பம் என்றும் இசைத்தல் என்றும் தமிழில் பொருளுண்டு. பாடு முறையில் தமக்கு இடமில்லை என வருந்தும் மீனவர் இருப்பதுபோல், நம் இலக்கிய அரங்கிலும் முறை வராதோர் பலர். விசைப்பொறியின் ஓசையில் அம்பா தேய்ந்து வருகிறது. மாணவச் செல்வங்களே, பாடத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அக்கரைக்குச் செல்லுங்கள். முதலில் கேளுங்கள், ஏற்றுப் பாடுங்கள். பிறகு உங்கள் முறை வரும்.