கப்பம் கட்டினோம், கதவைச் சாத்தினோம்

2008 செப்டெம்பர் 17ஆம் திகதி இரவு தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் அவர்கள் போன காரோடு காணாமற்போனார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஒருவர் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போவதற்கு ஆயத்தமாக இருந்தவர். பிறகு வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன, பணம் கேட்டார்கள். காவலுக்கு நின்ற ஒருவனின் தொலைபேசியில் பிள்ளையே தாயோடு பேசியதும் உண்டு. அந்தப் பேச்சு 2009 மே வரை விட்டுவிட்டுத் தொடர்ந்து, பிறகு நின்றுபோனது. அதே காலத்தில் கொட்டாஞ்சேனை உட்பட வேறு இடங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். எல்லாமாகப் பதினொரு பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை.

கொண்டுபோனவர்கள் கடற்படையினர் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னாளில் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட்டது. கொழும்புக் கோட்டையில் சைத்திய வீதியிலிருந்த ‘பிட்டு பம்பு’ என்ற கடற்படை இடத்திலும், பிறகு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் ‘கன் சைட்’ எனப்பட்ட நிலவறைகளிலும் அவர்களை அடைத்து வைத்திருந்ததாக அந்த அறிக்கைகள் சொல்கின்றன. ஐக்கிய நாடுகளின் காணாமற்போனோர் தொடர்பான செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது அந்த நிலவறைகளை நேரில் பார்த்தது. நோக்கம் கப்பம் என்றும், கடைசியில் அவர்கள் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றும் விசாரணையாளர்கள் நீதவானிடம் சொன்னார்கள்.

இந்தக் குற்றத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அது நடந்துகொண்டிருந்தபோது கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்த தமிழராகிய நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று பேசியதில்லை. இப்போதாவது பேச வேண்டும்.

ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் 2008இல் திடீரென்று வந்து நின்றதல்ல. 2006இலேயே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் வியாபாரிகளைத் தூக்கிக்கொண்டுபோய் விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டில் மனோ கணேசன், நடராஜா ரவிராஜ், சிறிதுங்க ஜயசூரிய போன்ற அரசியல்வாதிகள் சேர்ந்து மக்கள் கண்காணிப்புக் குழுவைத் தொடங்கி, கடத்தப்பட்டவர்களின் விவரங்களைப் பதியச் சொல்லி வீட்டுக்காரர்களை அழைத்தார்கள். நவம்பர் 10ஆம் திகதி ரவிராஜ் கொழும்பில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பயம் உண்மையானது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பயம் ஒன்று மட்டும் நம்மை ஆட்டியிருந்தால் ஒருவரோடொருவர் சேர்ந்து நின்றிருப்போம். நாம் செய்தது வேறு.

ஒரு வீட்டில் பிள்ளை கடத்தப்பட்டால் அது அந்த வீட்டின் பணப் பிரச்சினை ஆகிவிட்டது. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்த உறவுகள் உண்டியலில் காசு அனுப்பின. நகை அடைவு வைக்கப்பட்டது, காணி விற்கப்பட்டது. ஆள் திரும்பி வந்ததும் அடுத்த கிழமையே விமானச் சீட்டு. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சொல்லவில்லை, பொலிஸில் முறைப்பாடும் இல்லை. எந்த இலக்கத்திலிருந்து அழைத்தார்கள், யாருடைய கையில் காசு கொடுபட்டது, வந்தவர்கள் எந்த வழக்கில் தமிழ் பேசினார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே புதைந்துபோயின. காசு வாங்கிய கை மறுமாதம் இன்னொரு வீட்டுக்கதவைத் தட்டியது. முதல் வீடு கட்டிய தொகைதான் இரண்டாவது வீட்டுக்குத் தொடக்க விலையாக இருந்தது.

இவ்வளவு இலகுவாக நாம் கட்டினோம் என்றால், ஆயுதம் வைத்திருப்பவனுக்குக் காசு கொடுத்துப் பழகியிருந்ததே காரணம். புலிகள் இயக்கம் வரி கேட்டது, கொடுத்தோம். இயக்கத்துக்கு எதிரான குழுக்கள் கேட்டன, அவர்களுக்கும் கொடுத்தோம். கொடுப்பதைக் கெட்டித்தனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தோம். கடைசியில் சீருடைக்காரன் வந்தபோது, அரசாங்கத்தின் சம்பளம் வாங்குகிறவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் விலை சொல்வது பற்றிய ஆத்திரம்கூட நமக்குள் ஒழுங்காக வரவில்லை. எவ்வளவு கேட்கிறான் என்ற கேள்விதான் முதலில் வந்தது.

எந்த வீட்டில் காசு இருக்கிறது, எந்தப் பிள்ளை எந்த நேரம் எந்த ரோட்டால் வரும் என்பதைச் சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு கடற்படைக்காரன் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. தமிழ் பேசுகிறவர்கள் கைகாட்டினார்கள். கொழும்பில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்த விடயம். நம் மேடைகளில் மட்டும் ஒருபோதும் சொல்லப்படவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் மறுநாளே தடையுத்தரவு வாங்கியது. வெள்ளவத்தையில் சொந்தமாக மாடி வீடு வைத்திருந்த நம்மில் பலர் அதை லொட்ஜ் ஆட்களின் பிரச்சினையாகவே பார்த்தோம். ஊரிலிருந்து வந்து காரணமில்லாமல் தங்குகிறவர்கள் என்று நாமே சொன்னோம். அடுத்த ஆண்டு கார் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் போனபோது, லொட்ஜில் இருந்தவர்கள் நமக்காக வீதிக்கு வரவில்லை என்று குறை சொல்ல நமக்கு உரிமை இருக்கவில்லை.

கடத்தப்பட்ட வீட்டாரிடம் நாம் கேட்ட கேள்வி இன்னும் கொடியது. “பிள்ளைக்கு இயக்கத்தோட ஏதும் தொடர்போ?” என்று கேட்டோம். அந்தத் தாய் இல்லை என்று சொல்லியும் அரைமனதோடு தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, நெருப்பில்லாமல் புகையுமா என்று பேசிக்கொண்டோம். கடத்தியவன் சொல்வதற்கு வைத்திருந்த நியாயத்தை அவனுக்கு முன்பே நாம் சொல்லி முடித்துவிட்டோம். கப்பம் என்று தெரியவந்தபோது பேச்சு மறுபக்கம் திரும்பியது. காசுக்காரப் பிள்ளைகள், பகட்டாகத் திரிந்ததுகள் என்றோம். இயக்கத் தொடர்பு இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்றால் அந்தப் பெற்றோர் யாரிடம் போவார்கள்?

அந்தப் பதினொரு பேரின் கடத்தல் வெளியே வந்த விதத்தில் நமக்குச் சிறிதும் பங்கில்லை. 2009 மே மாதக் கடைசியில், யுத்தம் முடிந்து சில நாள்களுக்குள், அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தன்னுடைய பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் மீதே முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரியின் அறையில் வேறு ஆட்களின் அடையாள அட்டைகளும் கடவுச்சீட்டும் கைத்தொலைபேசியும் அகப்பட்டன. அடையாள அட்டைக்காரர்கள் யார் என்று தேடியபோது அவர்கள் காணாமற்போனவர்கள் என்று தெரிந்தது. அதிகாரிகளுக்குள் ஒரு மனக்கசப்பு வந்திருக்காவிட்டால், எடுத்த பொருளை அழிக்கும் கவனம் அவர்களுக்கு இருந்திருந்தால், இந்தப் பதினொரு பேரும் பெயரில்லாமலே போயிருப்பார்கள். அவ்வளவு அசட்டையாகச் செய்யப்பட்ட குற்றம் அது. பிடிபடுவோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்ததில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு.

அதன்பிறகு வழக்கைத் தூக்கி நிறுத்தியவர்கள் சில சிங்களப் பொலிஸ் அதிகாரிகளும் சட்டத்தரணிகளும் விடாத பெற்றோரும்தான். தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நிஷாந்த சில்வா விசாரணையை நடத்தினார். திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகர அவருக்கு மேலதிகாரி. 2018 நவம்பரில் நிஷாந்த சில்வாவை நீர்கொழும்புக்கு மாற்றினார்கள், எதிர்ப்பு எழுந்ததும் அந்த மாற்றம் இரத்தானது. அதே மாதக் கடைசியில், பிரதான சந்தேகநபர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்த குற்றச்சாட்டில், பாதுகாப்புப் படைகளின் பிரதானியாக இருந்த அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன விளக்கமறியலில் வைக்கப்பட்டார். பதவியில் இருக்கும் பாதுகாப்புப் பிரதானி ஒருவரைக் கோட்டை நீதவான் நீதிமன்றம் உள்ளே அனுப்பியது என்பது இலங்கையில் சின்ன விடயமில்லை.

தெற்கில் எழுந்த குரல், போர் வீரர்களைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்பது. 2019 ஒக்டோபரில் அநுராதபுரத்து மேடையில் கோட்டாபய ராஜபக்ஷ, சிறையிலிருக்கும் படைவீரர்களை விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுத்து, அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். வென்று ஒரு கிழமையளவில் நிஷாந்த சில்வா குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். 2020 ஜூலையில் ஷானி அபேசேகர கைதானார். கப்பத்துக்காகப் பிள்ளை பிடிப்பதற்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்று தெற்கு மக்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். 1989–90 காலத்தில் எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்களை இராணுவத்தினர் கொண்டுபோனபோது அழுத தாய்மார் சிங்களத் தாய்மார். அந்த வழக்கில் பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் சிலரும் 1999இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். அந்த அனுபவமுள்ள ஒரு சமூகம் இதைப் புரிந்துகொள்ளாமல் விட்டது பெரிய குறை. அதை அவர்கள் எழுத வேண்டும். நம் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தப் பதினொரு பேருக்கு இடமே இருக்கவில்லை. வன்னியில் சரணடைந்து காணாமற்போனவர்களுக்கு நம் அரசியலில் ஓர் இடம் உண்டு, அது நியாயமானது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரை நாம் அறிவோம், போதுமான அளவு போகாவிட்டாலும் அறிவோம். கொழும்பில் காசுக்காகக் கடத்தப்பட்ட மாணவன் போராளியுமில்லை, போர்க்களத்தில் அகப்பட்ட பொதுமகனுமில்லை. அவனைப் பற்றிப் பேசினால் கட்சிக்கு வாக்கு இல்லை. இது வெறும் காசுக் கதை, இதை இனப்பிரச்சினையோடு கலக்கக் கூடாது என்று படித்தவர்களே சொன்னார்கள். தெற்கு அவர்களைப் போர்க் கணக்கில் போட்டது, நாம் அவர்களைக் காசுக் கணக்கில் போட்டோம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பங்கள் தனித்து நின்றன.

தேவைப்பட்டபோது மட்டும் அவர்களை எடுத்துக்கொண்டோம். ஜெனீவாவுக்குப் போகும் அறிக்கைகளில், ஆண்டு நினைவுக் கட்டுரைகளில், “பதினொரு தமிழ் இளைஞர்கள்” என்று எழுதினோம். தெஹிவளையில் போன ஐவரிலேயே முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே காரில் நண்பர்களாகப் போய் ஒன்றாகப் பிடிபட்டவர்களை நாம் எழுதும்போது பிரித்துவிட்டோம். தன் மகனுக்கு அந்த வரியில் இடமில்லாததைப் பார்த்த முஸ்லிம் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வோம்? கடத்தியவன்கூட அவர்களை அப்படிப் பிரிக்கவில்லை.

பெற்றோருக்காக வாதாடிய சட்டத்தரணி அச்சலா செனவிரத்னவுக்கு மிரட்டல் வந்தபோது நம் அமைப்புகளிலிருந்து எழுந்த குரல் மெலிதானது. விசாரணை அதிகாரிகள் துரத்தப்பட்டபோது, அது சிங்களவர்களுக்குள் நடக்கும் கட்சிச் சண்டை என்று இருந்துவிட்டோம். 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழு இந்த வழக்கையே நிறுத்தச் சொன்னது. அப்போதைய சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா மறுத்தார். 2021 ஒக்டோபரில், அவர் ஓய்வுபெற்ற பிறகு, முதலில் முறைப்பாடு செய்த கரன்னாகொட மீதே பின்னர் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை முன்னெடுப்பதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்தது. அந்த டிசெம்பரிலேயே கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநரானார். பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாம் செய்தியைப் பகிர்ந்தோம். 2023இல் அமெரிக்காவும் 2025 மார்ச்சில் பிரித்தானியாவும் அவர் மீது தடை விதித்தபோது வரவேற்று அறிக்கை விட்டோம். அவர் தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்திருக்கிறார். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த நீதிமன்றத்தின் வாங்குகளில், தவணைக்குத் தவணை, குடும்பத்தாரும் ஒருசில செயற்பாட்டாளர்களும் தவிர வேறு தமிழர் அதிகம் இருந்ததில்லை.

கட்டிவிட்டுத் தப்பியவர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிய பெற்றோர் எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகும், ஆபத்து விலகிய பிறகும், இவ்வளவு ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தது தவறு. அந்தத் தவறு இன்னும் திருத்தக்கூடியது.

ஏனென்றால் திரும்பி வந்தவர்கள் உயிரோடிருக்கிறார்கள். லண்டனில், டொரொன்டோவில், மெல்பேணில், கொழும்பிலேயே இருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக் கொண்டுபோன இடத்தில் கடல் இரைச்சல் கேட்டதா, காவலுக்கு நின்றவனை மற்றவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பக்கத்து அறையில் யாருடைய குரல் கேட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காசை எங்கே வைக்கச் சொன்னார்கள் என்பது அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்தபடியே காணொளி வழியாகச் சாட்சியமளிக்க இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. ஷானி அபேசேகர 2025இல் மறுபடியும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக்கப்பட்டார்.

அன்று கப்பம் கட்டிப் பிள்ளையை மீட்ட அம்மா, அப்பா, அண்ணா, அக்கா எவராக இருந்தாலும், உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நடந்ததைத் திகதியோடும் தொகையோடும் சொல்லி ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுங்கள். உங்கள் பிள்ளை இருந்த அதே அறையில்தான் அவர்களுடைய பிள்ளையும் இருந்திருக்கக்கூடும்.